இரண்டு வருடம் வைத்துக் குடிக்கும் பீர்: பாட்டிலா, கெக்கா?

கறுப்புமால்ட்

அடுத்ததாக வீட்டில் ஒரு இம்பீரியல் ஸ்டவுட் (வலுவான கறுப்பு பீர்) போடப் போகிறேன். 19 லிட்டர், ஆல்கஹால் 10 சதவீதத்தை ஒட்டி வரும். உடனே குடிக்க இல்லை. முதல் வருடம் தொடவே கூடாது, இரண்டாம் வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம் என்று எண்ணம். பால் லாக் கெக் (கேஸ் ஏற்றி அழுத்தத்தில் பீர் வைக்கும் எஃகுப் பீப்பாய்) இரண்டு இருக்கின்றன. காலி பாட்டில்களும் மூடி அழுத்தும் கருவியும் இருக்கின்றன.

கெக்கில் ஊற்றிக் கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) ஏற்றி மூலையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறார் ஒரு நண்பர். பழக்க வேண்டிய பீர் என்றால் பாட்டில்தான், கெக்கெல்லாம் இந்த மாதமே குடித்துத் தீர்ப்பவர்களுக்கு என்கிறார் இன்னொருவர். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஒரு ஐபிஏவும் கையில் இருக்கிறது, அதற்கும் வழி சொன்னால் நல்லது.

ரெகுலேட்டர்

ஐபிஏவுக்குப் பெரிய யோசனை தேவையில்லை. கெக்கில் போடுங்கள், குளிரில் வையுங்கள், சீக்கிரம் குடியுங்கள். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம்தான் அந்த பீரின் உயிர், அதுதான் முதலில் போகும். அதை வைத்துக் குடிக்கும் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம்.

ஸ்டவுட்டுக்கும் என் ஓட்டு கெக்குக்குத்தான். பழைய வாடை, நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஆக்சிஜன் செய்யும் வேலை. கெக்கின் விளிம்பு வரை கிருமிநீக்கிக் கரைசலை நிரப்பி, மூடியைப் போட்டு, அந்தக் கரைசலை கார்பன் டை ஆக்சைடால் தள்ளி வெளியேற்றிவிட்டால் உள்ளே காற்று அநேகமாக மிஞ்சாது. பிறகு பீரை லிக்விட் போஸ்ட் (கெக்கின் அடிவரை போகும் குழாயின் இணைப்பு முனை) வழியாக அடியிலிருந்து ஏற்றலாம். நொதிகலத்திலிருந்து கெக் வரை பீர் காற்றையே பார்க்காமல் போய்ச் சேரும். பாட்டிலில் இது எப்படி நடக்கும்? காற்று நிறைந்த பாட்டிலுக்குள்தான் ஊற்றுகிறோம், காற்றின் மேல்தான் மூடியும் போடுகிறோம்.

மூடிக்காரன்

ரெகுலேட்டர் சார் கணக்கில் ஈஸ்ட்டைச் சேர்க்க மறந்துவிட்டார். பாட்டிலில் சர்க்கரை போட்டு மூடும்போது உள்ளே இருக்கும் ஈஸ்ட் மறுபடி எழுந்து வேலை செய்கிறது. கேஸ் உண்டாக்குவதோடு, கரைந்திருக்கும் ஆக்சிஜனிலும் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து கேஸ் ஏற்றிய கெக்கில் அந்தக் காவல்காரன் அரைத்தூக்கத்தில்தான் இருப்பான்.

அப்புறம் சரித்திரத்தையும் கொஞ்சம் பாருங்கள். தாமஸ் ஹார்டிஸ் ஏல் என்ற வலுவான ஆங்கிலேய பீர் 1968இல் வந்தபோது, 25 வருடம் வரை வைத்திருக்கலாம் என்று அதன் லேபிளில் போட்டார்கள். பாஸ் ஆலையின் 1869ஆம் வருட ராட்கிளிஃப் ஏல் பாட்டில்கள் 2006இல் இங்கிலாந்தின் பர்ட்டனில் ஒரு நிலவறையிலிருந்து கிடைத்தன. சுவைத்தவர்கள் முகம் சுளிக்கவில்லை. இவையெல்லாம் பாட்டிலில் ஈஸ்ட்டோடு கிடந்த பீர்கள்.

அரைகிளாஸ்

இரண்டு வருடம் தொடாமல் இருக்கும் மனக்கட்டுப்பாட்டுக்கு எந்த ரப்பர் ஓ-ரிங் போடுவது என்று யாரும் சொல்லவில்லையே.

வேதியியல்_வாத்தியார்

இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. எண்களைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

330 மில்லி பாட்டிலில் மேலே 20 மில்லி காலியிடம் விடுகிறீர்கள் என்று வையுங்கள். அது முழுக்கக் காற்று என்றால் ஆக்சிஜன் சுமார் 4 மில்லி, எடையில் ஐந்தரை மில்லிகிராம். பீரின் அளவுக்கு வகுத்தால் லிட்டருக்கு 17 மில்லிகிராம் வாக்கில் வரும். பெரிய பீர் ஆலைகள் தங்கள் பாட்டிலில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கும் கீழே கொண்டுவரப் பார்க்கின்றன. வித்தியாசம் நூற்றுக்கணக்கான மடங்கு. ஈஸ்ட் இதில் ஒரு பங்கைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் ஈஸ்ட் எழுந்து உட்கார நேரம் எடுக்கும், பீரில் இருக்கும் பொருட்களோ மூடிய நிமிடத்திலேயே ஆக்சிஜனோடு சேரத் தொடங்கிவிடும். அந்தப் போட்டியில் எல்லா முறையும் ஈஸ்ட் ஜெயிப்பதில்லை.

கெக் மட்டும் சுத்தமா? 19 லிட்டர் கெக்கில் அரை லிட்டர் காலியிடத்தைக் காற்றோடு அப்படியே விட்டால் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் வரும். பாட்டிலை விடக் குறைவுதான், ஆனால் நல்ல எண் இல்லை. கெக்கின் வசதி என்னவென்றால் இதைப் பிறகும் சரிசெய்யலாம். 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வரை ஏற்றி வால்வைத் தூக்கி விட்டால் மேலே இருக்கும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்காகும். அடுத்த முறை அதிலும் மூன்றில் ஒன்று. பத்து முறை செய்தால் ஏறத்தாழ அறுபதாயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். பீரை ஊற்றிய உடனே செய்யுங்கள், மறுநாள் செய்தால் அதற்குள் கரைந்திருக்கும்.

இன்னொன்றைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் வெளிக்காற்று நுழையாது என்பது தவறு. வாயுக்கள் ஒவ்வொன்றும் தன் பகுதி அழுத்தத்தைப் பொறுத்தே நகரும். பாட்டிலுக்குள் கார்பன் டை ஆக்சைடு எத்தனை பிஎஸ்ஐ இருந்தாலும் ஆக்சிஜன் அங்கே கிட்டத்தட்டப் பூஜ்யம். வெளியே 21 சதவீதம். ஆகவே மூடியின் உள் அடுக்கு வழியாக மெதுவாக, வருடம் முழுக்க, அது ஊடுருவிக்கொண்டே இருக்கும். உள் அடுக்கிலேயே ஆக்சிஜனை உறிஞ்சும் மூடிகள் கிடைக்கின்றன, நீண்ட நாள் வைக்கிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும்.

ரெகுலேட்டர்

ஆக, இரும்புச் சுவர் வழியாக ஆக்சிஜன் நுழையாது. வாத்தியாரே கெக் கட்சிக்கு வந்துவிட்டார்.

வேதியியல்_வாத்தியார்

சுவர் வழியாக நுழையாது, மூடியை அடைக்கும் ஓ-ரிங் வழியாக நுழையும். மூடிக்கு மிருதுவாகப் பிடிக்கிறது என்று பலர் சிலிக்கோன் ஓ-ரிங் போடுகிறார்கள். கசிவு நிற்கும், அது உண்மை. ஆனால் நாம் பயன்படுத்தும் ரப்பர் வகைகளில் ஆக்சிஜனைத் தாராளமாக உள்ளே விடுவது சிலிக்கோன்தான். இரண்டு வாரத்தில் தீர்க்கும் கெக்குக்குப் பரவாயில்லை. இரண்டு வருடத்துக்கு நைட்ரைல் அல்லது ஈபிடிஎம் போடுங்கள். பீரை மாற்றும் சிலிக்கோன் குழாய்க்கும் இதே பேச்சு. பெட் பாட்டிலும் நீண்ட நாளுக்கு ஆகாது, பிளாஸ்டிக் சுவரே மூச்சு விடும்.

கறுப்புமால்ட்

பயமாக இருக்கிறதே! சரி, வெப்பநிலை எவ்வளவு முக்கியம்? என் கெக்கை எப்போதும் குளிர்பெட்டியில் வைக்க இடம் இல்லை.

ஈஸ்ட்டம்மா

தம்பி, இத்தனை பேர் பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், எங்கே வைக்கிறோம் என்பதை நீங்கள்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். ஆலைக்காரர்களிடம் 3-30-300 என்று ஒரு கணக்கு உண்டு. 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றிலும் பீர் ஏறத்தாழ ஒரே அளவு பழசாகும். இது சாதாரண லாகருக்கு வைத்த கணக்கு, உங்கள் ஸ்டவுட் இன்னும் தாங்கும். ஆனால் போக்கு அதேதான். வெயில் ஏறும் அறையில் நிற்கும் சுத்தமான கெக்கை விட, 12 டிகிரியில் இருட்டில் நிற்கும் சுமாரான பாட்டில் நன்றாக இருக்கும். வலுவான கறுப்பு பீரைப் பனிக்குளிரிலும் வைக்க வேண்டாம், அங்கே அது பழுக்காமல் அப்படியே நிற்கும். 10 முதல் 14 டிகிரி, அதிகம் ஏறி இறங்காத இடம் கிடைத்தால் போதும்.

வெளிச்சம் பாட்டிலின் பலவீனம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மேல் ஒளி பட்டால் ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகும், பச்சை பாட்டில் பீரில் வரும் அந்த நாற்றம் அதுதான். பழுப்பு பாட்டில் நிறையத் தடுக்கும், பச்சை கொஞ்சம், வெள்ளைக் கண்ணாடி ஒன்றும் தடுக்காது. பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கெக்குக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இப்போது என் கட்சி. வருடக்கணக்கில் வைக்கும் பீரை நான் கெக்கில் பழக்கி, பாட்டிலில் அடைப்பேன். கெக்கிலேயே விட்டால் இரண்டு வருடம் அந்தக் கெக் பணயக்கைதி. உங்களிடம் இருப்பதே இரண்டு. ஒன்று ஸ்டவுட்டோடு மூலையில் உட்கார்ந்துவிட்டால் மற்ற பீர்கள் எல்லாம் மீதி ஒன்றுக்கு வரிசையில் நிற்க வேண்டும். முதலிலேயே பாட்டிலில் அடைத்தால் வேறு சிக்கல். வலுவான பீரில் ஆல்கஹால் காரம் தணிய மாதங்கள் ஆகும், ஓக் சில்லு, வெனிலா ஏதாவது போடுவதாக இருந்தால் ருசி பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். மூடிய பாட்டிலில் அது முடியாது. ஆறு மாதமோ எட்டு மாதமோ கெக்கில், பிறகு பாட்டிலில்.

மூடிக்காரன்

அக்கா சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எட்டு மாதம் 10 சதவீத ஆல்கஹாலில் கிடந்த ஈஸ்ட்டுக்குப் பாட்டிலில் கேஸ் உண்டாக்கத் தெம்பு இருக்குமா?

ஈஸ்ட்டம்மா

இருக்காது, நம்பவும் கூடாது. அடைக்கும் நாளில் புது ஈஸ்ட் சேர்க்க வேண்டும். சிபிசி-1 என்ற உலர் ஈஸ்ட் இதற்கென்றே வருகிறது, 100 லிட்டருக்கு 10 கிராம் என்ற கணக்கில் உங்களுக்கு 2 கிராம் போதும். ஷாம்பெயின் ஈஸ்ட் இசி-1118 போடுகிறவர்களும் உண்டு. சிபிசி-1 மால்ட்டோட்ரையோஸைத் தொடாது. பழைய ஈஸ்ட் விட்டுவைத்த அந்த மால்ட் சர்க்கரையை இது கிளறிவிட்டு பாட்டிலை வெடிக்க வைக்காது என்று பொருள். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கட்டியில்லாமல் கரைத்துவிட்டுச் சேருங்கள். கலக்காமல் தூவினால் ஒரு பாட்டிலில் நுரை பொங்கும், அடுத்ததில் சத்தமே இருக்காது.

அடைத்த பிறகு முதல் ஒரு மாதம் 20 டிகிரியை ஒட்டி வையுங்கள், அப்புறம் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். பலர் நேராகக் குளிருக்குக் கொண்டுபோய்விட்டு, மூன்று மாதம் கழித்து கேஸ் வரவில்லை என்று இங்கே வந்து கேட்கிறார்கள்.

கறுப்புமால்ட்

சர்க்கரை எவ்வளவு போடுவது? ஆன்லைன் கால்குலேட்டர் ஒன்று 87 கிராம் என்கிறது.

வேதியியல்_வாத்தியார்

அது சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். கால்குலேட்டர் உங்களிடம் வெப்பநிலையை மட்டும்தான் கேட்டிருக்கும். 20 டிகிரியில் சாதாரணக் காற்றழுத்தத்தில் நொதித்து முடிந்த பீரில் சுமார் 0.86 வால்யூம் கேஸ் (அதாவது பீரின் கன அளவைப் போல 0.86 மடங்கு) ஏற்கெனவே இருக்கும். ஸ்டவுட்டுக்கு 2.0 வால்யூம் வேண்டும் என்றால் இன்னும் 1.14 தேவை. வெள்ளைச் சர்க்கரை லிட்டருக்கு 4 கிராம் போட்டால் ஒரு வால்யூம் ஏறும். 1.14 × 4 × 19, உங்கள் 87 கிராம் வந்துவிட்டது.

ஆனால் ஈஸ்ட்டம்மா வழியில் பீர் கெக்கில் மாதக்கணக்கில் அழுத்தத்தோடு நிற்கப் போகிறது. மூடி சரியாக உட்கார நீங்கள் 10 பிஎஸ்ஐ வைத்திருந்தால், 20 டிகிரியில் அந்த பீருக்குள் 0.86 இல்லை, 1.44 வால்யூம் வரை கரைந்திருக்கும். இதற்கு மேல் 87 கிராம் போட்டால் 2.6க்குப் போய் நிற்கும். பாட்டில் வெடிக்காது, ஆனால் ஸ்டவுட் சோடா போலச் சீறும். ஒரு வழி, மீதி 0.56 வால்யூமுக்கு மட்டும், அதாவது 43 கிராம் போடுவது. இதில் ஊற்றும்போது நுரையில் எவ்வளவு கேஸ் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் செய்வது, அடைப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே கேஸைக் கழற்றிவிட்டு, அவ்வப்போது வால்வைத் தூக்கி அழுத்தத்தை இறக்கி, சாதாரண நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு 87 கிராம் கணக்கிலேயே போவது.

அரைகிளாஸ்

கெக்கில் போடுவதானால் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கச் சொல்வார்களே, அது ஏன்?

வேதியியல்_வாத்தியார்

பழைய பழக்கம். கேஸ் அளவு, லிட்டருக்கு எவ்வளவு சர்க்கரை என்பதைப் பொறுத்தது. பாட்டிலில் காலியிடம் 6 சதவீதம், நிறைந்த கெக்கில் 3 சதவீதம் என்றே வைத்தாலும் அதனால் வரும் வித்தியாசம் மிகச் சிறியது, பாதியாகக் குறைக்கக் காரணமே இல்லை. கெக்கில் நுரை அதிகம் வருவது பெரும்பாலும் ஊற்றும் குழாய் குட்டையாக இருப்பதால்.

ரெகுலேட்டர்

என் கட்சிக்கு ஆள் குறைந்துகொண்டே போகிறது, இருந்தாலும் விடமாட்டேன். பாட்டிலைத் திறந்து பார்த்தால் அது போனது போனதுதான். கெக்கில் மாதம் ஒரு முறை 50 மில்லி எடுத்து ருசி பார்க்கலாம், எடுத்த இடத்தைக் கார்பன் டை ஆக்சைடு நிரப்பும், காற்று வராது. பழுத்துவிட்டதா இல்லையா என்று யூகம் தேவையில்லை. மிதக்கும் டிப் டியூப் (பீரை மேல்மட்டத்திலிருந்து எடுக்கும் குழாய்) போட்டால் அடி வண்டலும் கிளாஸுக்கு வராது.

கெக்கில் வைப்பதானால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். கேஸை இணைத்தே வைக்காதீர்கள். எங்கோ ஒரு ஊசிமுனைக் கசிவு இருந்தால் சிலிண்டர் மொத்தமும் காலியாகும், பீர் நன்றாக இருப்பது போலவே தெரியும். 30 பிஎஸ்ஐ ஏற்றி மூடியை உட்காரவைத்து, இணைப்பைக் கழற்றி, சோப்பு நீரை போஸ்ட் இரண்டிலும், வால்விலும், மூடியின் விளிம்பு முழுக்கவும் ஊற்றிப் பாருங்கள். பெரிய கசிவு உடனே குமிழும். சின்னது ஐந்து நிமிடம் கழித்து, போஸ்ட்டின் நடு ஊசியைச் சுற்றி வெள்ளையாக நுரை கட்டி நிற்கும். அதைப் பார்க்காமல்தான் எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். அது போஸ்ட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் வால்வின் கோளாறு, வெளி ஓ-ரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் நிற்காது. கேஸ் போஸ்ட்டில் மீட்டரோடு கூடிய ஸ்பன்டிங் வால்வை (மிஞ்சிய அழுத்தத்தை வெளியே விடும் வால்வு) மாட்டி மாதம் ஒரு முறை அழுத்தம் பாருங்கள். இடம் மாற்றினால் எண்ணும் மாறும், அதையும் நினைவில் வையுங்கள். 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ காட்டும் பீரே 20 டிகிரியில் 30ஐ நெருங்கும்.

மூடிக்காரன்

மாதம் 50 மில்லி என்று ஆரம்பித்து ஆறாம் மாதம் கெக் பாதியாக நிற்பதைப் பலர் வீட்டில் பார்த்திருக்கிறேன். பாட்டிலின் பெரிய பலமே அதுதான், திறக்க மனசு வராது.

அதோடு பாட்டிலில் ஒன்றிரண்டு கெட்டுப்போனால் அந்த ஒன்றிரண்டோடு போகும். கெக்கில் கிருமி புகுந்தால் 19 லிட்டரும் சேர்ந்து போகும்.

ஊற்றுவது பற்றி யாரும் சொல்லவில்லை, சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் முனை குழாயால் அடியிலிருந்து நிரப்புங்கள். குழாயை எடுத்தால் கழுத்தில் தானாகவே மூன்று நான்கு சென்டிமீட்டர் இடம் நிற்கும். மூடியைப் பாட்டில் மேல் வைத்துவிட்டு உடனே அழுத்தாதீர்கள். பாட்டிலை மெல்லத் தட்டி, நுரை எழுந்து மூடியைத் தொடும்போது அழுத்துங்கள். வாத்தியார் சொன்ன அந்த 20 மில்லி காற்றில் பெரும்பங்கை நுரை வெளியே தள்ளிவிடும். ஒரு சிக்கல் உண்டு, கேஸே இல்லாத ஸ்டவுட்டில் நுரை எழாது. அப்போது காலியிடத்தில் ஒரு வினாடி கார்பன் டை ஆக்சைடு ஊதிவிட்டு மூடுங்கள். கெக் வைத்திருப்பவர்களுக்குத்தான் சிலிண்டர் கையிலேயே இருக்கிறதே.

ஈஸ்ட்டம்மா

வெடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடைப்பதற்கு முன் அடர்த்தி அளவு (தண்ணீருக்கு 1.000, சர்க்கரை நொதிக்க நொதிக்க இறங்கும்) குறைந்தது ஒரு வாரமாவது நகராமல் நிற்க வேண்டும். 0.001 இறக்கம் பாக்கி இருந்தாலே பாட்டிலில் அரை வால்யூம் கூடும். 1.030இல் நிற்க வேண்டிய பீரை 1.034இல் அடைத்தால் நீங்கள் போட்ட சர்க்கரைக்கு மேல் இன்னும் 2 வால்யூம், சாதாரண பாட்டில் அதைத் தாங்காது. டயாஸ்டாட்டிகஸ் வகை ஈஸ்ட்டோ பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட்டோ இருந்தால் அளவு நின்றதை நம்பவே வேண்டாம், மாதங்கள் கழித்தும் தின்னும். அந்த மாதிரி பீருக்குத் தடித்த ஷாம்பெயின் பாட்டில், இல்லையென்றால் கெக். அந்த ஒரு விஷயத்தில் ரெகுலேட்டரோடு நிற்கிறேன், கெக்கில் வால்வு இருக்கிறது.

கறுப்புமால்ட்

முடிவு செய்துவிட்டேன். எட்டு மாதம் கெக்கில், நைட்ரைல் ஓ-ரிங்கோடு. பிறகு புது ஈஸ்ட் சேர்த்து, கேஸை இறக்கிவிட்டு, 330 மில்லி பழுப்பு பாட்டில்களில். ஆனால் நான்கைந்து லிட்டரைக் கெக்கிலேயே விட்டுவைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

ரெகுலேட்டர்

பார்க்கலாம், ஆனால் 19 லிட்டர் கெக்கில் 4 லிட்டர் வைக்காதீர்கள். மேலே 15 லிட்டர் காலியிடம், ஒரு சின்னக் கசிவு போதும். சிறிய கெக் கிடைத்தால் அதில் விளிம்பு வரை நிரப்புங்கள்.

கறுப்புமால்ட்

சரி, அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று. கம்பி வைத்த ஸ்விங் டாப் பாட்டில்கள் ஒரு டஜன் இருக்கின்றன. அவற்றிலும் அடைக்கலாமா?

மூடிக்காரன்

முதலில் குடிக்கப் போகிற பாட்டில்களுக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் வளையம் நாளாக நாளாக இறுகிவிடும், கம்பியும் தளரும். வளையத்தைப் புதிதாக மாற்றி, எந்த தேதியில் அடைத்தது என்று ஒட்டி, ஒரு வருடத்துக்குள் திறந்துவிடுங்கள். இரண்டாம் வருடத்துக்குப் போகிறவை எல்லாம் கிரௌன் மூடி (கருவியால் அழுத்தும் தகர மூடி). திருகித் திறக்கும் வகை பாட்டில் கலந்திருந்தால் அதை இப்போதே ஒதுக்கிவிடுங்கள், கைக்கருவியால் அழுத்தும் மூடி அதன் மரையில் சரியாகப் பிடிக்காது.